பெத்லகேமுக்கு முன்னும் அவர் குமாரனா? நான்கு பதில்களும் ஒவ்வொன்றும் கேட்கிற விலையும்

இயேசு கிறிஸ்து தேவன், அநாதியானவர், திரித்துவத்தில் இரண்டாம் ஆள்தத்துவம் என்று ஒன்றுபோல அறிக்கையிடுகிற இரண்டு போதகர்கள்கூட, “அவர் எப்போதிலிருந்து குமாரன்?” என்று கேட்டால் இரண்டு பக்கம் போய்விடலாம். “அநாதியிலிருந்தே” என்பார் ஒருவர். “அநாதியில் அவர் வார்த்தை. மரியாளிடத்தில் மாம்சமானபோதுதான் குமாரனானார்” என்பார் மற்றவர். இதைக் கேட்டவுடன் துர்உபதேசம் என்று எழும்புகிறவர்கள் உண்டு; வெறும் சொல் சண்டை என்று கையை உதறுகிறவர்களும் உண்டு. எந்தப் பதில் எந்த வசனத்தில் ஊன்றி நிற்கிறது, அங்கே ஊன்றியபின் வேறெங்கே இடிக்கிறது என்று பார்க்கிற வேலையை இரு கூட்டமும் செய்வதில்லை.

களத்தில் இருக்கிறவை

முதல் பதில், நித்திய ஜெநிப்பித்தல், அதாவது தொடக்கமில்லாத பிறப்பித்தல். 381-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் முழுமையான வடிவம் பெற்று, நிசேயா விசுவாசப்பிரமாணம் என்று நாம் சொல்லும் அறிக்கையில் இருப்பது இதுதான்: சகல உலகங்களுக்கும் முன்னே பிதாவினால் ஜெநிப்பிக்கப்பட்டவர், சிருஷ்டிக்கப்பட்டவர் அல்லர், பிதாவோடே ஒரே தன்மையுடையவர். பிதா தம் முழு தேவத்துவத்தையும் குமாரனுக்கு அளிக்கிறார். அந்த அளித்தலுக்குத் தொடக்கம் இல்லை, பங்கு பிரிதல் இல்லை, “செய்யலாமா வேண்டாமா” என்று தீர்மானித்துச் செய்த செயலும் இல்லை. இந்த மூன்று “இல்லை”களில் ஒன்றை விட்டாலும் உபதேசம் வேறொன்றாக மாறிவிடும். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் இதை எழுதினார். நான்காம் நூற்றாண்டில் அலெக்சந்திரியாவின் பேராயர் அத்தனாசியு இதற்காக மல்லுக்கு நின்றார்.

இரண்டாவது, நித்திய குமாரன் உண்டு, ஜெநிப்பித்தல் இல்லை என்பது. குமாரன் எப்போதும் குமாரனே, அது ஓர் உறவின் பெயர், அதற்குப் பின்னால் “பிறப்பித்தல்” என்ற ஒன்றைத் தேடவேண்டாம் என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில சுவிசேஷக இறையியல் பாடநூல்கள் சிலவற்றில் இது இடம்பிடித்தது. வேய்ன் குரூடம் எழுதிய, 1994-ல் வெளிவந்த பெரிய பாடநூலின் முதல் பதிப்பு இதற்கு நல்ல சான்று.

மூன்றாவது, மாம்சமாகுதலில் தொடங்கிய குமாரத்துவம். வார்த்தையானவர் அநாதியானவர், பிதாவோடு வேறோர் ஆளாகவே இருந்தவர். “குமாரன்” மட்டும் அவர் மனுஷனானபோது ஏற்ற பெயரும் நிலையும். மெதடிஸ்ட் விளக்கவுரையாளர் ஆடம் கிளார்க், 1822-ல் இதைப்பற்றிக் கடிதங்களாக எழுதி வெளியிட்ட அமெரிக்கப் பேராசிரியர் மோசஸ் ஸ்டூவர்ட், 1929 முதல் எக்ஸ்குளூசிவ் பிரதரன் (வெளியாரோடு ஐக்கியம் வைக்காத சகோதரர் சபை) கூட்டத்தை இந்தப் பக்கம் திருப்பிய ஜேம்ஸ் டெய்லர், 1999 வரை அமெரிக்கப் போதகர் ஜான் மெக்ஆர்தர் என்று வரிசை நீளம்.

நான்காவது, ஒருமைப் பெந்தெகொஸ்தே பதில். இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகள் தமிழ்நாட்டிலும் உண்டு என்பதால் இது நமக்குப் புதிதல்ல. தேவன் ஒரே ஆள். அந்த ஒருவரே மாம்சத்தில் வெளிப்பட்டார். அந்த மாம்சமே குமாரன்.

நான்கும் மேலுக்கு ஒன்றையொன்று நெருங்கியே கேட்கும். மூன்றாவதைப் பிரசங்கிப்பவரும் நான்காவதைப் பிரசங்கிப்பவரும் பத்து நிமிடத்துக்கு ஒரே வாக்கியங்களைப் பேசமுடியும், இருவருக்குமே “குமாரத்துவம் பெத்லகேமில் தொடங்கியது” என்பதால். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: உலகம் உண்டாகுமுன் பிதாவோடு மகிமையைப் பகிர்ந்த இன்னொருவர் இருந்தாரா (யோவான் 17:5)? ஆம் என்றால் மூன்றாவது. அது தேவனுடைய திட்டத்தில் மட்டும் இருந்த மகிமை என்றால் நான்காவது. மறுபக்கத்தில், “உலகத்துக்கு முன்பே அவர் குமாரன்” என்று ஒருவர் சொல்லிவிட்டதாலேயே அவரை முதல் வரிசையில் உட்காரவைத்துவிடவும் கூடாது. யெகோவாவின் சாட்சிகளும் அதைச் சொல்வார்கள். அவர்களுக்கு அந்தக் குமாரன் முதல் சிருஷ்டி.

ஆரியுவும் கிளார்க்கும் ஏறிய ஒரே படி

இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வசனங்களுக்கு முந்தின ஒரு யூகம். அலெக்சந்திரியாவின் மூப்பர் ஆரியு இப்படி நகர்ந்தார்: தகப்பன் மகனுக்கு முந்தினவன், ஆகவே குமாரன் என்றால் பிந்தினவர், ஆகவே “அவர் இல்லாதிருந்ததுண்டு.” காலம் என்ற சொல்லை அவர் அந்த வாக்கியத்தில் கவனமாகத் தவிர்த்தார், ஏனென்றால் காலமே குமாரன் மூலமாய் உண்டானது என்று அவரும் ஒத்துக்கொண்டார். 325-ல் நிசேயா சங்கம் அந்த வாக்கியத்தையே பெயர் சொல்லிச் சபித்தது.

1500 ஆண்டு கழித்து ஆடம் கிளார்க் அதே முதல் படியில் ஏறினார். குமாரன் என்றால் தகப்பன் உண்டு, தகப்பன் என்றால் முந்தினவன். ஆகவே “நித்திய குமாரன்” என்பது தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் சொல் என்றார். ஆனால் கிறிஸ்துவின் தேவத்துவத்தில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. எனவே அடுத்த படியில் எதிர்ப்பக்கம் திரும்பினார்: அவர் அநாதியானவர், ஆகவே தேவத்துவத்தின்படி குமாரன் அல்ல. ஆரியு குமாரனை வைத்துக்கொண்டு அநாதியை விட்டார். கிளார்க் அநாதியை வைத்துக்கொண்டு குமாரனை விட்டார். இருவருக்கும் பொதுவான அந்த முதல் படியை இருவரும் சோதிக்கவில்லை.

அந்தப் படி உடைகிற படிதான். ஒரு மனிதன் தன் பிள்ளைக்கு முன்னே இருந்திருக்கலாம், ஆனால் பிள்ளைக்கு முன்னே அவன் “அப்பன்” அல்ல. பிள்ளை பிறக்கிற அன்றைக்குத்தான் அப்பனும் பிறக்கிறான். முந்திப் பிந்தி வருவது மனித வாழ்க்கையின் கணக்கு. தகப்பன், மகன் என்ற உறவுப் பெயர்கள் இரண்டும் ஒன்றாகவே தோன்றும், ஒன்றாகவே நிற்கும். தேவனிடத்தில் வயது என்ற இடைவெளியே இல்லாதபோது, முந்துவதற்கு என்ன மிச்சம்? அத்தனாசியு பிடித்துக்கொண்ட கயிறு இது. பிதா எப்போதும் பிதாவென்றால் குமாரன் எப்போதும் குமாரன். இதோடு அவர் இன்னொன்றும் சொன்னார்: தேவனை “உண்டாகாதவர்” என்று அழைப்பது, உண்டானவற்றை வைத்து அவருக்குப் பெயரிடுவது, “பிதா” என்று அழைப்பது குமாரனை வைத்து அவருக்குப் பெயரிடுவது. பின்னது மேலானது, ஏனென்றால் சிருஷ்டி இல்லாவிட்டாலும் அது நிற்கும்.

மூன்றாம் பதிலின் உண்மையான விலை இங்கேதான் தெரிகிறது. அநாதியில் குமாரன் இல்லையென்றால் அநாதியில் பிதாவும் இல்லை. மூன்று ஆட்கள் இருந்தார்கள், யாருக்கும் தங்களுக்குள் உறவுப் பெயர் கிடையாது என்று சொல்லவேண்டி வரும். கிளார்க் அணியினர் இதைப் பொதுவாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் வரும். 1818-ல் அவருக்கு மறுப்பு எழுதிய ரிச்சர்ட் வாட்சனும் மெதடிஸ்ட்காரரே. அதற்குள் இரண்டு முறை தங்கள் மாநாட்டுத் தலைவராக இருந்த ஒருவருக்கு எதிராக உள்ளிருந்தே மறுப்பு வந்தது அந்தச் சபையின் நேர்மைக்குச் சான்று. இன்றைக்கு இலவச வேதாகமச் செயலிகளில் கிளார்க்கின் விளக்கவுரை கையோடு கிடைக்கிறது. லூக்கா 1:35-க்கு அதைத் திறக்கிறவர்கள், யாருடைய பக்கத்தை வாசிக்கிறோம் என்று தெரிந்து வாசிப்பது நல்லது.

“இன்று” எந்த நாள்?

மூன்றாம் பதிலின் பலமான வசனங்கள் இரண்டு. முதலாவது சங்கீதம் 2:7: “நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்.” இன்று என்றால் ஒரு நாள், ஒரு நாளில் நடந்தது அநாதி அல்ல. இதனோடு எபிரெயர் 1:5 “நான் அவருக்குப் பிதாவாயிருப்பேன், அவர் எனக்குக் குமாரனாயிருப்பார்” என்ற எதிர்கால வாக்கியத்தையும் சேர்த்துவைக்கிறது.

இதற்கு முதல் அணி பழங்காலமாகக் கொடுத்துவரும் பதில், அந்த “இன்று” தேவனுடைய முடிவில்லாத இன்று என்பது. அகுஸ்தீன் அப்படி எடுத்தார். இந்தப் பதில் அழகானது, ஆனால் பாரம் தாங்காது என்பது என் கணிப்பு. அப்போஸ்தலர் 13:33-ல் பவுல் இதே வசனத்தை இயேசுவை எழுப்பினதோடு இணைக்கிறார். அடுத்த வசனமே மரித்தோரிலிருந்து எழுப்பினதைப் பேசுகிறது. எபிரெயர் 5:5 அதை ஆசாரியனாக ஏற்படுத்தப்பட்டதோடு இணைக்கிறது. எபிரெயர் 1:5-ல் அடுத்து வரும் மேற்கோள் 2 சாமுவேல் 7:14. அது முதலில் சாலொமோனைப்பற்றிச் சொல்லப்பட்டது. இது முடிசூட்டு விழாவின் மொழி. சிங்காசனம் ஏறுகிற தாவீதின் வாரிசை தேவன் தம் குமாரனென்று அறிவிக்கும் நாள் அது. கால்வினும் இங்கே “நித்திய இன்று” என்ற நுணுக்கத்தை ஏற்கவில்லை.

அப்படியானால் வசனம் மூன்றாம் அணிக்குப் போய்விட்டதா? அங்கேதான் வேடிக்கை. “இன்று” என்பது குமாரத்துவம் தொடங்கிய நாளென்றால், புதிய ஏற்பாடு அந்த நாளை பெத்லகேமில் வைக்கவே இல்லை. உயிர்த்தெழுதலில் வைக்கிறது, ஆசாரியத்துவத்தில் வைக்கிறது. லூக்கா 3:22-ல் பெசா என்னும் பழங்காலக் கையெழுத்துப்பிரதி இதே சங்கீத வாக்கியத்தை ஞானஸ்நானத்தில் வைக்கிறது. மூன்றாம் அணி தன் விதியைத் தானே கடைப்பிடித்தால், கன்னியிடத்தில் பிறந்தபோதும் அவர் குமாரன் அல்ல, யோர்தானில் அல்லது கல்லறைக்கு வெளியே குமாரனானார் என்று முடிக்கவேண்டும். அது பழைய தத்தெடுப்புக் கொள்கை. கிளார்க்கும் மெக்ஆர்தரும் அதைக் கனவிலும் விரும்பியவர்கள் அல்லர். ஆகவே இந்த வசனத்தை இரு பக்கத்தாரும் ஆயுதமாக எடுக்காமல் விடுவதே நல்லது. அது குமாரனானவர் ராஜாவாக அறிவிக்கப்படுவதைச் சொல்கிறது. எப்போது குமாரனானார் என்ற கேள்விக்குள் அது நுழைவதில்லை.

மீகா 5:2-ஐயும் இதே தட்டில் வைப்பேன். “அவருடைய புறப்படுதல் அநாதி நாட்களாகிய பூர்வத்தினுடையது” என்று தமிழில் கேட்கும்போது நித்திய ஜெநிப்பித்தலே நேரே நிற்பதுபோல் இருக்கும். எபிரெயத்தில் அந்தச் சொற்கள் தாவீதின் பழைய வம்சகாலத்தையும் குறிக்க இடம் கொடுக்கின்றன. துணைச் சாட்சியாக நிறுத்தலாம், முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினால் குறுக்கு விசாரணையில் தடுமாறும்.

இரண்டாவது பலமான வசனம் லூக்கா 1:35: “ஆதலால் உன்னிடத்தில் பிறக்கும் பரிசுத்தமுள்ளது தேவனுடைய குமாரன் என்னப்படும்.” ஆதலால் என்ற சொல் காரணம் காட்டுகிறது: ஆவியானவர் நிழலிடுவதால் குமாரன். இங்கே கிரேக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன “உம்” நம் பழைய மொழிபெயர்ப்பில் காணாமற்போயிருக்கிறது. மூலம் “ஆதலாலும்” என்பதுபோல இருக்கிறது. இந்தக் காரணத்தாலும் அவர் குமாரன் எனப்படுவார் என்று வாசிக்க இடமுண்டு. அந்த “உம்”மில் முழு வழக்கையும் தொங்கவிடக்கூடாது, அது இந்த இணைப்பில் வழக்கமாகவே வருகிற இடைச்சொல். ஆனால் “என்னப்படும்” என்பது “ஆகும்” அல்ல என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வசனம் மரியாளின் பிள்ளை யாரென்று அறிவிக்கிறது; அதற்குமுன் அவர் யாராக இல்லை என்று அறிவிக்கவில்லை.

ஒரே வசனத்தை நால்வர் கையிலும் கொடுத்தால்

கலாத்தியர் 4:4-ஐ எடுத்துக்கொள்வோம்: காலம் நிறைவேறினபோது தேவன் தம்முடைய குமாரனை அனுப்பினார், அவர் ஸ்திரீயினிடத்தில் பிறந்தார்.

முதல் அணிக்கு இது சொந்த வீடு. அனுப்பப்பட்டவர் அனுப்பப்படும்போதே குமாரன். அனுப்புதல் காலத்துக்குள் நடந்தது, அது காலத்துக்கு வெளியே இருக்கும் உறவைக் காட்டுகிறது.

இரண்டாம் அணியும் ஆமென் சொல்லும். ஆனால் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: ஏன் பிதா அனுப்பப்படவில்லை, ஏன் குமாரன் அனுப்பினவர் இல்லை? இருவரும் எல்லாவற்றிலும் சமம், ஒருவரிடமிருந்து ஒருவர் வருகிற வரிசையும் இல்லையென்றால், பெயர்களை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் குறையாது. இந்த ஓட்டையை அடைக்கச் சிலர் கண்டுபிடித்தது நித்தியக் கீழ்ப்படிதல்: குமாரன் அநாதியாகவே பிதாவின் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவர், அதுவே அவரை வேறுபடுத்துகிறது என்றார்கள். 2016-ல் ஆங்கில சுவிசேஷக வட்டாரத்தில் இதுபற்றிப் பெரிய சண்டை மூண்டது. கீழ்ப்படிதல் என்றால் இரண்டு சித்தம் வேண்டும். திரித்துவத்தில் சித்தம் ஒன்றே என்பது சபையின் பழைய போதனை. ஜெநிப்பித்தலைக் கடினமென்று கழற்றிவிட்டு, அதைவிடக் கடினமான ஒன்றை மாட்டிக்கொண்ட கதை இது. அதே ஆண்டு நவம்பரில் சான் அன்டோனியோவில் நடந்த சுவிசேஷக இறையியல் சங்கக் கூட்டத்தில், அந்தப் போதனையை ஆதரித்துவந்த குரூடமும் புரூஸ் வேரும் நித்திய ஜெநிப்பித்தலை ஏற்பதாக அறிவித்தார்கள். குரூடத்தின் 2020 பதிப்பில் அந்த மாற்றம் இருக்கிறது, 1994 பதிப்பில் இல்லை. கையில் இருப்பது எந்தப் பதிப்பென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் அணி சொல்லும் பதில் புத்திசாலித்தனமானது. “முதலமைச்சர் படித்த பள்ளி இது” என்கிறோம். படிக்கும்போது அவர் முதலமைச்சரா? பின்னால் வந்த பட்டத்தை முன்னால் நடந்ததற்கும் போட்டுப் பேசுவது வழக்கம்தானே என்பார்கள். ஒரு வாக்கியத்துக்கு இது செல்லும். ஆறாம் வசனத்துக்கு வந்தால் தடுக்கும். அங்கே தேவன் தமது குமாரனுடைய ஆவியையும் அனுப்பினார் என்று இருக்கிறது, அனுப்புதல் என்ற அதே கிரேக்க வினையோடு. ஆவியானவர் அனுப்பப்பட்டதால் ஆவியானார் என்று யாரும் சொல்வதில்லை. எபிரெயர் 1:2-லும் தடுக்கும்: குமாரனைக்கொண்டு உலகங்களை உண்டாக்கினார். யோவான் 3:16-ல் மிகவும் தடுக்கும். அங்கே அன்பின் அளவே, தந்தருளப்பட்டவர் ஏற்கெனவே குமாரனாயிருப்பதில்தான் இருக்கிறது. கொடுத்தபின் குமாரனாகிறவரைக் கொடுத்தது எவ்வளவு பெரிய கொடை?

நான்காம் அணி யோவான் 1:6-ஐக் காட்டும். யோவான்ஸ்நானனும் “தேவனால் அனுப்பப்பட்ட” மனுஷன். அவன் பரலோகத்தில் இருந்து வந்தானா? அனுப்புதல் முன்னிருப்பைக் காட்டாது என்பார்கள். அனுப்புதல் என்ற சொல் மட்டும் இருந்திருந்தால் இது சரியே. யோவான் 16:28 இதை மூடிவிடுகிறது: “நான் பிதாவினிடத்திலிருந்து புறப்பட்டு உலகத்திலே வந்தேன், மறுபடியும் உலகத்தைவிட்டுப் பிதாவினிடத்திற்குப் போகிறேன்.” போவது ஓர் ஆள் இன்னோர் ஆளிடம் போவதென்றால், வந்ததும் அப்படியே.

முதல் அணியின் சொந்த வசனமாக நான் முன்னே வைப்பது யோவான் 5:26. பிதா தம்மில்தாமே ஜீவனுடையவர். அதுபோலக் குமாரனும் தம்மில்தாமே ஜீவனுடையவராயிருக்கும்படி அருள்செய்திருக்கிறார். தம்மில்தாமே என்றால் யாரிடமும் வாங்காதது. அருள்செய்தது என்றால் வாங்கியது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிற உபதேசம் ஒன்றே ஒன்றுதான்: தொடக்கமில்லாமல், குறைவில்லாமல் அளிக்கப்பட்ட ஜீவன். இந்த வசனம் மாம்சத்தில் வந்த மத்தியஸ்தருக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்தைப் பேசுகிறது என்று சொல்லும் விளக்கவுரையாளர்கள் சீர்திருத்த மரபிலேயே உண்டு. அடுத்த வசனத்தில் மனுஷகுமாரன் என்று வருவதால் அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் “பிதாவுக்கு இருக்கிறதுபோல” என்ற ஒப்பீடு அந்த வாசிப்புக்குள் அடங்க மறுக்கிறது.

ஒரேபேறான, ஒரே

தமிழ் வாசகர்களுக்கு இந்த விவாதம் ஒரு சொல்லில் நேரடியாக வந்து நிற்கிறது. மோனோகெனேஸ் என்ற கிரேக்கச் சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பு யோவானிலும் எபிரெயர் 11:17-லும் “ஒரேபேறான” என்கிறது. அதே சொல் நாயீன் ஊர் விதவையின் மகனுக்கும் (லூக்கா 7:12) யவீருவின் மகளுக்கும் (8:42) வரும்போது வெறும் “ஒரே” என்கிறது. இது தமிழில் தொடங்கிய பிரிவினை அல்ல. ஜெரோம் லத்தீனில் லூக்காவுக்கு “ஒரே” என்ற சொல்லை விட்டுவைத்து, யோவானுக்கு “ஒரே பிறப்பான” என்ற சொல்லைப் போட்டார். அந்தத் தடம் ஐரோப்பிய மொழிபெயர்ப்புகள் வழியாக நம்மிடம் வந்திருக்கிறது. 1995-ல் வந்த திருவிவிலியம் யோவான் 3:16-லும் “ஒரே மகன்” என்றே வைத்தது.

எது சரி? இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பாலான அறிஞர்கள், மோனோகெனேஸில் உள்ள இரண்டாம் பாதி வகை, இனம் என்று பொருள்படும் கெனோஸிலிருந்து வந்தது, பிறப்பித்தலைக் குறிக்கும் கென்னாவோவிலிருந்து அல்ல, எழுத்துக்கூட ஒன்று குறைகிறது என்று காட்டி “தனித்துவமான” என்று முடித்தார்கள். ஈசாக்கைப் பாருங்கள், இஸ்மவேல் இருக்கும்போதே அவன் மோனோகெனேஸ் என்றார்கள். குரூடத்தின் 1994 பதிப்பு நித்திய ஜெநிப்பித்தலைத் தள்ளியதற்கு முக்கியக் காரணம் இந்தச் சொல்லாய்வுதான். 2017-ல் லீ அயர்ன்ஸ் என்ற அறிஞர் இதைத் திருப்பிப்போட்டு எழுதினார்: கெனோஸும் பிறப்பு, குடும்பம் என்ற அதே வேரில் நிற்கிறது, கெனேஸ் என்று முடியும் கிரேக்கப் பெயர்களில் பிறப்பு என்ற பொருள் நிறைய வருகிறது, தியோகெனேஸ் என்பது சேயுசுக்குப் பிறந்தவன் என்பதுபோல.

என் எண்ணம்: “ஒரேபேறான” என்பதைக் காப்பாற்றுவது நல்லது, அதன்மேல் வீடு கட்டுவது நல்லதல்ல. அத்தனாசியுவின் வழக்கு இந்தச் சொல் இல்லாமலும் நிற்கிறது. சொல்லாய்வு ஒரு தலைமுறைக்கு ஒருமுறை திரும்பும். அதோடு உபதேசமும் திரும்பினால் அது உபதேசம் அல்ல, காற்றாடி.

“ஜநிப்பித்தேன்” என்ற சொல்லிலும் ஒரு கவனம். இந்தச் சொல்லை முஸ்லிம் நண்பர் கேட்கும்போது அவர் காதில் விழுவது குர்ஆனின் 112-ஆம் அத்தியாயம்: அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை. சங்கடத்தில் சில போதகர்கள் அவசரமாக மூன்றாம் பதிலுக்குத் தாவி, “குமாரன் என்பது மனுஷனானபின் வந்த பட்டம்தான்” என்று விடுவார்கள். உடலோடு சேர்ந்த பிறப்பை நிசேயா அறிக்கையும் மறுக்கிறது. அதை முதலில் சொன்னால் தாவவேண்டிய தேவை வராது. எபிரெயர் 1:3-ல் உள்ள மகிமையின் பிரகாசம் என்ற உவமை இதற்கு உதவும்: ஒளிச்சுடரிலிருந்து பிரகாசம் வருகிறது, ஆனால் பிரகாசமில்லாத சுடர் ஒரு கணமும் இருந்ததில்லை. உவமை இங்கே நின்றுவிடும். பிரகாசம் ஆள் அல்லவே.

வரலாற்றில் எங்கே இடித்தது

மூன்றாம் பதிலுக்கு கிளார்க்குக்கு முன்பே ஒரு மூதாதை உண்டு: அங்கீராவின் பேராயர் மார்செல்லு. நிசேயாவில் ஒரே தன்மை என்ற சொல்லுக்காக நின்றவர். ஆரியு அணியை எதிர்க்கும் வேகத்தில் அவர் மறுபக்கம் வழுக்கினார்: அநாதியில் வார்த்தை மட்டும், மாம்சமானபின்தான் குமாரன், 1 கொரிந்தியர் 15:28-ன்படி ராஜ்யத்தைப் பிதாவினிடத்தில் ஒப்புக்கொடுத்தபின் அந்த ஆளுகை முடிந்துவிடும். 336-ல் அவர் பதவி நீக்கப்பட்டார். 381-ன் அறிக்கையில் “அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை” என்ற வரி இருப்பது அவர் போதனைக்கு எதிராக. ஞாயிறுதோறும் அதைச் சொல்லுகிறவர்களில் பலர் அது ஒரு பழைய சண்டையின் தழும்பு என்று அறியமாட்டார்கள். தொடங்கிய குமாரத்துவம் முடியவும் கூடும் என்ற கேள்வியை மார்செல்லு தாமாகவே கேட்டுப் பதிலும் சொன்னார். பின்னால் வந்தவர்கள் கேட்காமல் விட்டார்கள்.

பிரதரன் கூட்டத்தில் நடந்தது வேறு விதம். 1929-ல் லண்டனை அடுத்த பார்னெட்டில் நடந்த கூடுகையில் டெய்லர், வேதம் “நித்திய குமாரன்” என்று எங்கும் சொல்லவில்லை, ஆகவே நாமும் சொல்லவேண்டாம் என்ற வழியில் பேசினார். கூட்டத்தின் ஆரம்பகாலப் போதகர்களான டார்பியும் வில்லியம் கெல்லியும் விட்டுச்சென்ற போதனைக்கு இது எதிர். ஓப்பன் பிரதரன் சபைகள் ஏற்கவும் இல்லை. இந்த வாதத்தின் பலவீனம் எளிது: “திரித்துவம்” என்ற சொல்லும் வேதத்தில் இல்லை. பின்னர் பாட்டுப்புத்தகமும் திருத்தப்பட்டது. ஒரு போதனை மாறினதா என்பதற்குப் பிரசங்கத்தைவிடப் பாட்டுப்புத்தகமே நம்பகமான சாட்சி. யாருக்காவது ஒரு வரி உறுத்த ஆரம்பித்தால் விஷயம் சொல் சண்டையைத் தாண்டிவிட்டது.

மெக்ஆர்தர் 1983-ல் வெளிவந்த எபிரெயர் விளக்கவுரையில் மூன்றாம் பதிலை எழுதினார். குமாரன் என்றால் கீழ்ப்பட்டவர், குறைந்தவர் என்று எண்ணிவிடுவார்களே என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. 1999-ல் பெயர் போட்டே பின்வாங்கினார். பெரிய ஊழியம் நடத்துகிற ஒருவர் “நான் தவறினேன்” என்று எழுதுவது அபூர்வம், அதற்கு மரியாதை உண்டு. ஆனாலும் அவர் பின்வாங்கிய வழி எனக்கு ஒப்பவில்லை: சங்கீதம் 2-ன் “இன்று” நித்தியத்தைக் குறிக்கிறது என்று எடுத்துக்கொண்டார். சரியான ஊருக்குத் தவறான பேருந்தில் வந்ததுபோல. அவருக்கு இருந்த அச்சத்துக்கோ யோவான் 5:18-லேயே மருந்து இருந்தது: தேவனைத் தம் சொந்தப் பிதா என்று சொன்னதைக் கேட்ட யூதர்கள் அதைக் குறைவாகப் புரிந்துகொள்ளவில்லை, சமமாக்கிக்கொண்டார் என்று கொலைசெய்ய வகைதேடுகிற அளவுக்குப் புரிந்துகொண்டார்கள்.

வகுப்பில் எடுக்கிறவர்களுக்கு

வேதபாட வகுப்பில் இதைப் போதிக்க ஒரு மணி நேரம் இருந்தால், சங்கீதம் 2:7-ல் தொடங்காதீர்கள். அந்த ஒரு மணி நேரமும் “இன்று” என்ற சொல்லிலேயே கரையும். கலாத்தியர் 4:4–6-ல் தொடங்கி, எபிரெயர் 1:2-க்குப் போய், யோவான் 17:24-ல் உலகத்தோற்றத்துக்கு முன் இருந்த அன்பைக் காட்டி, யோவான் 5:26-ல் ஜெநிப்பித்தலுக்கு வாருங்கள். சங்கீதம் 2-ம் லூக்கா 1:35-ம் கேள்வியாகக் கட்டாயம் வரும், அப்போது எடுங்கள். யாராவது எபிரெயர் 7:3-ஐக் கேட்டால் மகிழ்ச்சியோடு எடுங்கள், ஏனென்றால் நாட்களின் துவக்கம் இல்லாத மெல்கிசேதேக்கு “தேவனுடைய குமாரனுக்கு ஒப்பானவன்” என்று அங்கே இருக்கிறது. துவக்கமின்மையை அந்த வசனம் வார்த்தை என்ற பெயரோடு சேர்க்கவில்லை, குமாரன் என்ற பெயரோடு சேர்க்கிறது.

1 யோவான் 5:18-ல் மட்டும் கைவைக்கும் முன் கையெழுத்துப்பிரதிகளைப் பாருங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் “தேவனால் பிறந்தவன் தன்னைக் காக்கிறான்” என்று விசுவாசியைப்பற்றி வருகிறது; “தன்னை” என்பதற்குப் பதில் “அவனை” என்று வாசிக்கும் பிரதிகளின்படி, காக்கிறவர் கிறிஸ்து, “தேவனால் பிறந்தவர்” என்பதும் அவரையே குறிக்கும்.